பாம்பு ஸ்டூ வரவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி

பாம்பன்_பையன்:
பாம்புக்கறி, காளான், தேன் எல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் லிஸ்டில் ஸ்டூ பெயரையே காணோம். ராத்திரி நாலு பேரும் கப்பல் எடுக்கிறோம், அதற்குள் சமைத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

உச்சிப்புளி_ராஜா:
எந்த கேம் தம்பி? அதைச் சொல்லவே இல்லையே.

மண்டபம்_செல்வி:
பாம்பும் தேனும் என்றால் வைக்கிங் கேம் வால்ஹெய்ம்தான். கால்ட்ரனுக்கு, அதாவது சமையல் அண்டாவுக்கு, கீழே தீ எரிகிறதா? மேலே கூரை இல்லாவிட்டால் மழையில் அணைந்துவிடும்.

தொண்டி_வாடை:
மோட் (கேமை மாற்ற வெளியாட்கள் செய்த துணை ஃபைல்) ஏதாவது போட்டிருக்கிறாயா? இந்த மாதிரி தொல்லை பாதிக்கு மேல் மோட்டால்தான் வரும். எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் பார்.

பாம்பன்_பையன்:
வால்ஹெய்ம்தான். மோட் இல்லை. தீ எரிகிறது, கேரட் சூப் வருகிறது.

மண்டபம்_செல்வி:
கேரட் சூப் ஆரம்பத்திலேயே வந்துவிடும். கால்ட்ரனை மேம்படுத்தும் ஸ்பைஸ் ராக் (மசாலா அலமாரி) பக்கத்தில் வைத்திருக்கிறாயா?

பாம்பன்_பையன்:
இருக்கு அக்கா. டர்னிப் ஸ்டூவும் வருகிறது.

கீழக்கரை_கச்சான்:
தம்பி, கேள்வி கேட்க வருகிறவர்கள் முழு விவரத்தோடு வர வேண்டும். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? இந்த கேமில் ஒரு பொருள் உன் கையில் ஒரு தடவையாவது வந்தால்தான் அதை வைத்துச் செய்வது லிஸ்டில் ஏறும். ஸ்டூவுக்கு வேண்டியது வெந்த பாம்புக்கறி ஒன்று, காளான் ஒன்று, தேன் இரண்டு. உன்னிடம் இருப்பது பச்சையா, வெந்ததா?

பாம்பன்_பையன்:
பச்சை. அடுப்பில் வைத்தால் ஏற மாட்டேன் என்கிறது.

உச்சிப்புளி_ராஜா:
மர அடுப்புதானே? அதிலேயே வேகும். நான் அதில்தான் சுட்டுத் தின்றேன். தீயைத் தள்ளிப் போட்டுப் பார்.

மண்டபம்_செல்வி:
அண்ணே, அது பழைய காலம். 2021 செப்டம்பர் அப்டேட்டோடு இரும்பு அடுப்பு வந்துவிட்டது, பாம்புக்கறி இப்போது அதில் மட்டும்தான் வேகும். பழைய வீடியோக்களில் மர அடுப்பைக் காட்டுவதால்தான் நிறையப் பேர் இங்கேயே நின்றுபோகிறார்கள்.

தம்பி, இரும்பு 3, சங்கிலி 3 இருந்தால் போதும். டர்னிப் வரை வந்துவிட்டாய் என்றால் சதுப்பு நிலம் உனக்குப் பழக்கம்தான். அங்கே ராத்திரியில் வெளியே வரும் ரெய்த் என்ற பேயை அடித்தால் சங்கிலி கிடைக்கும். செட்டிங்கை மாற்றாவிட்டால், இடம் விட்டு இடம் தாவும் சாதாரண போர்ட்டலில் இரும்பு போகாது, படகில்தான் ஏற்ற வேண்டும். கறியை வைத்த பிறகு எங்கேயும் போகாதே. நிறம் மாறியதும் எடுத்துவிடு, கொஞ்சம் விட்டாலும் கரியாகிவிடும்.

தொண்டி_வாடை:
அது சரி, கடல் கறியில் தேன் ஊற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. புளி இல்லை, முண்டு மிளகாய் இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதைச் சமைக்கிறோம்.

கீழக்கரை_கச்சான்:
அது வைக்கிங் ஊர்க் கதை. புளிக்கு எங்கே போவார்கள்? அதை விடு, குழம்பைப் பற்றித் தொண்டிக்காரர் பேசலாமா? குழம்புக்குத் தென்கடல் (மன்னார் வளைகுடா) மீன்தான். அந்தப் பக்கத்துப் பாறை மீனும் விளைமீனும் வெந்த பிறகும் சதை குலையாது.

தொண்டி_வாடை:
வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) நண்டைத் தின்றுவிட்டு வந்து பேசுங்கள் அண்ணே.

உச்சிப்புளி_ராஜா:
நான் இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறேன். நண்டு வடகடல், மீன் தென்கடல். அவ்வளவுதான்.

தொண்டி_வாடை:
சூடை மீனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

மண்டபம்_செல்வி:
தம்பி, இதையும் கேட்டுக்கொள். அடுத்த பாம்பை நடுக்கடலில் கொல்லாதே, செதில் அடியில் போய்விடும். ஹார்ப்பூனை (கயிறு கட்டிய எறி ஈட்டி) எறிந்து கரைப்பக்கம் இழுத்து வந்து அடி. கைட்டின் (ஓட்டுப் பொருள்) 30, ஃபைன்வுட் (உயர்ரக மரம்) 8, தோல் துண்டு 3 இருந்தால் ஹார்ப்பூன் செய்யலாம்.

பாம்பன்_பையன்:
இரும்பு அடுப்பில் வெந்துவிட்டது, ஸ்டூவும் லிஸ்டில் வந்துவிட்டது. நன்றி அக்கா, கிளம்புகிறோம்.

கீழக்கரை_கச்சான்:
பச்சையா வெந்ததா என்று முதலில் கேட்டது நான்.

மண்டபம்_செல்வி:
செதில் எத்தனை கிடைத்தது தம்பி? எட்டு சேர்ந்தால், கூட ஃபைன்வுட் 10, இரும்பு 4 போட்டுக் கேடயம் செய்துகொள்.

தொண்டி_வாடை:
சூடைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.