பொருள்: நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட நீளம் – ‘கணை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வட்டத்தின் நாண் ஒன்றின் நடுப்புள்ளியிலிருந்து அதற்குச் செங்குத்தாகப் புறப்பட்டு வில்லில் முடியும் கோட்டுத்துண்டுக்குப் பெயர் தேடும் இவ்விழையில் ‘வில்லுயரம்’, ‘சரம்’, ‘அம்பு’, ‘சஜிட்டா’ ஆகியவை இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. நான் ‘கணை’ என்பதை முன்வைக்கிறேன்.

பள்ளிப் பாடத்தில் மையத்திலிருந்து நாணுக்குள்ள தொலைவைப் பற்றித் தேற்றங்கள் பல உண்டு. நாணுக்கு அப்பால் வில் வரை எஞ்சும் துண்டைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ஆனால் இருப்புப்பாதைப் பராமரிப்பில் நேர் எதிர் நிலைமை. பெங்களூரைச் சுற்றியுள்ள பாதை வளைவுகளில் வட்டத்தின் மையம் யாருடைய தோப்பிலோ வீட்டு மாடியிலோ விழும் என்பதால், ஆரத்தை நேரடியாக அளக்க வழியே இல்லை. எனவே வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தோடு 20 மீட்டர் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, நூலின் நடுவில் அதற்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் படிக்கிறோம். 50,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆரம் மீட்டரில் கிடைத்துவிடும்: இடைவெளி 100 மி.மீ. என்றால் ஆரம் 500 மீட்டர், 50 மி.மீ. என்றால் 1,000 மீட்டர். நூல் நாண், தண்டவாளம் வில். இடையில் அளந்ததை மட்டும் எங்கள் துறையில் தமிழர்களும் ‘வெர்சைன்’ என்றே சொல்லிவருகிறோம். அதுவும் துல்லியமன்று, ஏனெனில் வெர்சைன் என்பது 1-இலிருந்து கொசைனைக் கழித்தால் வரும் விகிதம். நாண் மையத்தில் தாங்கும் கோணத்தின் பாதிக்கு உரிய அவ்விகிதத்தை ஆரத்தால் பெருக்கினால்தான் நாம் பேசும் நீளம் வரும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘வில்லுயரம்’ பொருள் விளங்கும் சொல்தான், ஆயினும் தரையில் படுத்துக் கிடக்கும் தண்டவாள வளைவில் உயரம் என்றால், வளைவுகளில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி அமைக்கும் அளவோடு அது கட்டாயம் குழம்பும். வடமொழியில் அம்பைக் குறிக்கும் ‘சரம்’ என்பதற்கு நெடிய மரபு இருப்பதை மறுக்கவில்லை. கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியிலேயே, வட்டத்தில் இரு சரங்களின் பெருக்கற்பலன் அரைநாணின் வர்க்கத்துக்குச் சமம் என்னும் விதி இருக்கிறது. ஆனால் தமிழ்க் காதுக்குச் சரம் என்றால் பூச்சரமும் பட்டாசுச் சரமும்தான். அது அம்பை விட்டுவிட்டு நாணையே நினைவூட்டும். ‘அம்பு’ என்றால், படத்தில் அம்புக்குறி போடச் சொல்கிறார்கள் என்று மாணவர் எண்ணக்கூடும். ‘சஜிட்டா’வும் இலத்தீனில் அம்புதான் என்பதால், அதை அப்படியே எடுத்தாள்வதில் கூடுதல் பயன் எதையும் நான் காணவில்லை.

வில்லும் நாணும் ஏற்கெனவே நம் வடிவியலில் நிலைபெற்றுவிட்டதால், கணை அவற்றோடு இயல்பாகப் பொருந்துகிறது: நாணேற்றிய வில்லில், நாணை இழுக்கும் முன், நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை அம்பு கிடக்கும் இடமே இந்தக் கோட்டுத்துண்டு. கணையம் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கிண்டல் செய்தார். ஏவுகணையைப் பற்றிப் பேசும்போது எவருக்கும் வயிறு நினைவுக்கு வருவதில்லையே.

ஒரு சொல் தேறுமா என்பதை அதைக் கொண்டு தேற்றம் எழுதிப் பார்த்தே சொல்ல முடியும். ஒரு நாண் இரண்டு விற்களை உண்டாக்குவதால் கணைகளும் இரண்டு, சிறிய வில்லுக்கு உரியதைச் சிறுகணை என்றும் பெரிய வில்லுக்கு உரியதைப் பெருங்கணை என்றும் கொண்டால், ‘சிறுகணையும் பெருங்கணையும் சேர்ந்தால் விட்டம், அவற்றின் பெருக்கற்பலன் அரைநாணின் வர்க்கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாணே விட்டமாகும்போது இரு கணைகளும் ஆரத்துக்குச் சமமாகின்றன. மேலே சொன்ன 50,000-உம் இங்கிருந்தே பிறக்கிறது: அரைநாண் 10 மீட்டர், அதன் வர்க்கம் 100, சிறுகணை மிகச் சிறியதாகையால் பெருங்கணையை விட்டமாகவே எடுத்துக்கொண்டால், சிறுகணை மீட்டரில் 50-ஐ ஆரத்தால் வகுத்த ஈவு.

அடைமொழி இல்லாமல் ‘கணை’ என்று மட்டும் சொன்னால் சிறுகணையையே குறிக்கும் என்று வரையறுத்துவிடலாம் என்பது என் கருத்து. வெர்சைன் என்னும் விகிதத்துக்குக் ‘கணை விகிதம்’ பொருந்துமா என்பதை முக்கோணவியல் கற்பிக்கும் நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.