ஸ்னோபேக்: பனியடுக்கா, பனிப்படிவா, ஆலித்திரளா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். குளிர்காலத்தில் குல்மார்க், மணாலி பக்கம் போகிற நம்மூர் மலையேற்றக்காரர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அவலாஞ்சுக்குப் பனிச்சரிவு இருக்கிறது; 2016இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் புதையுண்டபோதும் அப்படித்தான் படித்தோம். ஸ்னோபேக்கில்தான் முட்டி நிற்கிறோம். குளிர்காலம் முழுக்க விழுந்து தரையில் தங்கிய பனியின் மொத்தம் அது. பனியடுக்கு என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு லேயரையும் எப்படிச் சொல்வது? ஸ்லாப் (மேலே இறுகிய பனித்தகடு), வீக் லேயர் (அதன் அடியில் உதிரும் பனி) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

———

பனி என்று தொடங்குவதே பிழை. முன்பனி, பின்பனி இரண்டிலும் நமக்குப் பனி என்றால் புல்நுனியில் இருப்பது. 'ஆலித்திரள்' என்று வையுங்கள். பழஞ்சொல், சுருக்கமும்கூட.

———

> ஆலித்திரள் என்று வையுங்கள்

ஐயா, ஆலி என்றால் ஆலங்கட்டி. படிக்கிறவர் வானத்தைப் பார்ப்பார், ஆபத்து காலடியில் இருக்கும். புறநானூறு 6இல் 'பனிபடு நெடுவரை' இமயம்தானே? அங்கே புல்நுனிப் பனியா?

மொத்தத்துக்குப் பனிப்படிவு, லேயருக்கு அடுக்கு, ஸ்லாபுக்குப் பாளம். நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது என்று சொல்லாதவர் யார்? வீக் லேயருக்கு நொய்யடுக்கு. பனி மெல்லிசாகக் கிடந்து குளிர் கடுமையானால் அடியில் 0 டிகிரியை ஒட்டியும் மேற்பரப்பில் அதைவிட மிகக் குளிர்ந்தும் இருக்கும், 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால் நீராவி மேலேறி, மணிகள் முனை முனையாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல் உதிரும். அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த புதுப்பனி பாளமாக இறுகிவிட்டால், 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஒரே ஆள் கால் வைத்தாலே போதும், அடியில் நொய் நொறுங்கி மேலே பாளம் முழுசாகக் கிளம்பிவிடும்.

அதனால்தான் ஸ்டெபிலிட்டிக்கு, அதாவது பனி சரியாமல் நிற்கும் தன்மைக்கு, 'உறுதி' கூடாது என்கிறேன். பாளம் உறுதியாக இருந்தும் சரிகிறது. விரிசல் தூரம் ஓடுவதும் அதனால்தான். 'நிலைப்பு' என்றே போடுங்கள். அதைச் சோதிக்க 90 செ.மீ. அகலத்துக்குப் பனித்தூண் வெட்டி, ஒரு முனையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு தட்டுகிறார்களே, அங்கேயும் தூண் எவ்வளவு கெட்டி என்பதா கேள்வி? விரிசல் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதுதான்.

———

நொய்யடுக்கு அருமை. நொய்யரிசி, நொய்ம்மை எல்லாம் ஒரே வேர். எங்கள் நொய்யல் ஆறும் இதில் சேருமா? அதன் பழம்பெயர் காஞ்சிமாநதி, பிறகு எப்படி மாறியது என்று

———

ஆற்றை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே! எனக்குக் கவலை பனிச்சரிவு அபாய அளவுகோல். ஐந்து படியில் மூன்றாவதை வரைவில் 'நடுத்தரம்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆல்ப்ஸில் சாவுகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான். நடுத்தரம் என்றால் நம் ஆள் போய்விடுவான். அதற்காக ஆங்கிலத்தின் 'கன்சிடரபிள்' என்பதை அப்படியே 'கணிசம்' ஆக்க வேண்டாம், சம்பள உயர்வு ஞாபகம் வருகிறது.

———

'கடுமை' போடலாமா? நான்காவது 'மிகக் கடுமை' ஆகும். அப்புறம் ஐந்தாவதுக்கு?

———

கொடுமை :)

———

அனைவருக்கும் நன்றி. பனிப்படிவு, பாளம், நொய்யடுக்கு, நிலைப்பு ஆகியவை போகின்றன. மூன்றாம் படிக்கு இப்போதைக்குக் 'கடுமை', ஐந்தாவது 'உச்சம்'. பக்கம் கட்டுகிறவர் காத்திருக்கிறார்.

———

என் மறுப்பைப் பதிவு செய்யவும். படிவு என்றால் குளத்து வண்டல். ஆலித்திரளை அடைப்புக்குறியிலாவது போட்டிருக்கலாம்.