5 அடி மீன்தொட்டி, உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு: ஒஸ்காருக்கு ஒண்டும் ஆகாமல் எப்பிடிக் கொண்டுபோறது?

உவர்மலைக்காரி:
வணக்கம். வாற மாசம் திருகோணமலை உவர்மலையில இருந்து நிலாவெளிக்கு வீடு மாறுறம். கட்டில், அலுமாரி பற்றிக் கவலையில்லை, மீன்தொட்டிதான் நித்திரையைக் கெடுக்குது. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீற்றர் கண்ணாடி. உள்ளுக்கு ரெண்டு ஒஸ்கார் மீன் (ஒவ்வொண்டும் அடிக்குக் கிட்ட), நாலு சில்வர் டொலர் மீன், பெரிய டாங்க் கிளீனர் மீன் ஒண்டு. வெளியில கனிஸ்டர் பில்டர் (தண்ணியை வடிகட்டுற மூடின பெட்டி) ஓடுது. ஒஸ்கார் ரெண்டையும் மகன் நாலாம் வகுப்பில படிக்கேக்க வாங்கினது. இப்ப அவன் ஓ.எல். எடுக்கப் போறான். எங்கட வீட்டில அதுகளும் ஆக்கள்தான்.

மச்சான் சொல்லுறார், முக்கால்வாசித் தண்ணியை இறைச்சிட்டு மீனோடயே தொட்டியைத் தூக்கிப் பட்டா லொறியில வைப்பம், அரை மணித்தியாலப் பாதைதானே எண்டு. எனக்கு மனம் ஒப்பேல்லை. பழைய தண்ணி முழுவதையும் கொண்டுபோக வேணுமா? புது வீட்டில குழாய் இல்லை, கிணறுதான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சாம்பல்தீவான்:
அக்கா, உங்கட மனம் சொல்லுறதுதான் சரி. தண்ணியோட தூக்க விடாதேங்கோ. உங்கட தொட்டி நிரம்பினால் 566 லீற்றர். கால்வாசி எண்டாலே 140 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி வெறுமனே 100 கிலோவுக்கு மேல வரும், கல்லையும் சேர்த்துப் பாருங்கோ. பாரத்தை விடப் பெரிய வில்லங்கம் அலைதான். லொறி பிரேக் பிடிக்கேக்க தண்ணி ஒரு பக்கமாய்ப் போய் அடிக்கும், அடிக்கண்ணாடி வளையும், சிலிக்கன் ஒட்டு விடும். அண்டைக்குத் தெரியாது, ரெண்டு கிழமை கழிச்சு ராவில ஒழுகத் தொடங்கும்.

தண்ணியும் கல்லும் முழுக்க வெளியில. நாலு பேர் கீழயிருந்து கை குடுத்துத் தூக்க வேணும், ஆறு பேர் எண்டால் இன்னும் நல்லம். மேல குறுக்கால ஒட்டியிருக்கிற கண்ணாடிப் பட்டியைக் கைபிடியாய்ப் பாவிக்க வேண்டாம். லொறியில மெத்தையை விரிச்சு, நிமிர்த்தி வைச்சுக் கட்டுங்கோ.

பாலையூற்று மீன்காரன்:
தொட்டியைத் தம்பி சொல்லிட்டார். நான் பில்டரைப் பற்றிக் கதைக்கிறன், ஏனெண்டால் வீடு மாறுற ஆக்கள் தண்ணியைத்தான் தங்கம் மாதிரிக் காக்கினம், பில்டரைக் கழட்டிக் கழுவி, வெய்யில்ல காயவைச்சு, பெட்டியில போட்டுக் கட்டிப்போடுவினம். பிறகு மூண்டாம் நாள் மீன் மிதக்கும், “தண்ணி ஒத்துவரேல்லை” எண்டுவினம்.

மீன்ர கழிவில இருந்தும் செவுளில இருந்தும் வாறது அமோனியா. அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கிற பக்டீரியா தண்ணியில மிதந்து திரியிறேல்லை. ஸ்பொஞ்ச், செரமிக் வளையம், கல்லு, இதுகளில ஒட்டித்தான் இருக்குது. அதுகளுக்கு ஈரமும் வேணும், ஒட்சிசனும் வேணும். கனிஸ்டரை நிப்பாட்டி மூடினபடி விட்டால் உள்ளுக்கு இருக்கிற ஒட்சிசனை அதுகளே குடிச்சு முடிச்சிடும். அரை மணித்தியாலப் பாதை எண்டாலும், கழட்டி, ஏத்தி, இறக்கி, திரும்ப ஓடவிட நாலைஞ்சு மணித்தியாலம் போயிடும். அதனால பில்டரைக் கடைசியாய் நிப்பாட்டுங்கோ. ஸ்பொஞ்சையும் வளையத்தையும் எடுத்துத் தொட்டித் தண்ணி உள்ள வாளியில போட்டு, பற்றரி எயார் பம்ப் ஒண்டை அதுக்குள்ள விடுங்கோ. வெய்யில் படக்கூடாது. குழாய்த் தண்ணியால அலசவே கூடாது, அதில இருக்கிற குளோரின் பக்டீரியாவைக் கொண்டுபோடும்.

கல்லையும் பழைய தண்ணியிலதான் அலச வேணும். கிளறேக்க கறுப்பு ஊத்தை வரும், கூழ்முட்டை நாத்தமும் வரலாம், அது மீனுக்கு நஞ்சு. மீனைப் பிடிச்ச பிறகுதான் கல்லில கை வைக்கலாம்.

கிண்ணியா சாச்சா:
அக்கா, மீன் பிடிக்கிற விஷயம் நான் சொல்றேன். முதல்ல மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணிய பைப் போட்டு பரலுக்கு எடுத்துக்கங்க. பரல லொறியில ஏத்தி வச்சிட்டு நிரப்புங்க. நிரப்பிட்டுத் தூக்க ஏலாது, 200 லீற்றர் பரல் 200 கிலோ. தொட்டியில தண்ணி அரை அடிக்கு வந்த பிறகு மீனப் பிடிங்க. நிறைஞ்ச தொட்டியில வலையோட துரத்தினா அதுகள் கண்ணாடியில முட்டிக் காயப்படும்.

டாங்க் கிளீனர வலையால பிடிக்காதீங்க. செட்டை முள்ளு வலையில கொழுவிடும், வெட்டித்தான் எடுக்கணும். அகலமான பேசின தண்ணிக்குள்ள இறக்கி அள்ளுங்க. பொலித்தீன் பைக்குள்ளயும் போடாதீங்க, முள்ளு கிழிச்சிடும்.

பெட்டிக்கு அலைய வேணாம். மீன் வாடியில ஐஸ் போடுற ரெஜிபோம் பெட்டி கேட்டு வாங்குங்க. சவர்க்காரம் போடாம, சுடுதண்ணியும் உப்பும் போட்டு நல்லாத் தேச்சிக் கழுவிக் காயவைங்க. ஒரு ஒஸ்காருக்கு ஒரு பெட்டி. ரெண்டையும் ஒண்டாப் போட்டா இடம் காணாம கடிபடும். பாதிக்குத் தண்ணி, மூடி போட்டு டேப் ஒட்டி, மூடியில ஓட்டை வச்சு எயார் பம்ப் ட்யூப விடுங்க. ஒஸ்கார் பாயும், மூடியில்லாம விட வேணாம். ரெண்டு நாளைக்கு முந்தியே சாப்பாட நிப்பாட்டுங்க. பட்டினியால சாகாது, பெட்டித் தண்ணி அழுக்காகாது.

விடியக்காலமே வெளிக்கிடுங்க. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல பத்து மணிக்கு மேல லொறிக்குள்ள அடுப்பு மாதிரி. தண்ணி சூடாகச் சூடாக ஒட்சிசன் குறையும்.

உவர்மலைக்காரி:
எல்லாருக்கும் கோடி புண்ணியம். மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன், ஆறு பேரைத் தானே கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டார். இன்னொரு கேள்வி. புது வீட்டுக் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுப் பாத்தன், பி.எச். (தண்ணியின்ர அமில-கார அளவு) 8.2 காட்டுது. இஞ்ச தொட்டியில 7.2. இது பெரிய வித்தியாசமா?

பாலையூற்று மீன்காரன்:
பெரிய வித்தியாசம்தான் தங்கச்சி. ஒஸ்கார் 8.2இல சீவிக்கும், கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்கினால். பயம் வேற இடத்தில. பி.எச். 7இல இருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில நஞ்சாய் நிக்கிற பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். பில்டர் களைச்சுப் போயிருக்கிற முதல் கிழமையில அப்பிடி ஒரு தண்ணியை நிரப்பிறது ஆபத்து.

ஆனபடியால் பழைய தண்ணி பாதியாவது கொண்டுபோங்கோ, 250 லீற்றர் எண்டு வையுங்கோ. அது பக்டீரியாவுக்காக இல்லை, பி.எச். குதிக்காமல் இருக்கிறதுக்கு. இன்னொரு பரலில குழாய்த் தண்ணி பிடிச்சு, வீடு மாறுறதுக்கு முதல் நாளே எயார் பம்ப் போட்டு விடுங்கோ. குளோரினுக்கு மருந்தும் அளவாய் ஊத்துங்கோ. முதல் நாள் தொட்டி முக்கால்வாசி நிரம்பினால் போதும். கிணத்துத் தண்ணியைப் பிறகு கிழமைக்குப் பத்து வீதமாய்ச் சேருங்கோ.

ஸ்ராண்ட் மட்டமாய் இருக்க வேணும். மேசன்மார் பாவிக்கிற தண்ணி ட்யூப்பால நாலு மூலையும் பாருங்கோ. கண்ணாடிக்குக் கீழ அரை அங்குல ரெஜிபோம் தாள். எல்லாம் நிரம்பினால் முக்கால் தொன்னுக்குக் கிட்ட வரும், மேல்மாடியில வைக்கிற யோசனை இருந்தால் விட்டிடுங்கோ.

உவர்மலைக்காரி:
வந்து சேர்ந்திட்டம்! நீங்கள் சொன்ன ஒழுங்கிலயே செய்தம். மத்தியானத்துக்கு முந்தியே பில்டர் ஓடத் தொடங்கீற்றுது. சில்வர் டொலர் நாலும் நல்லாய் நீந்துதுகள், டாங்க் கிளீனர் மரக்குத்திக்குப் பின்னால போயிட்டார். ஆனால் பெரிய ஒஸ்கார் அடியில சரிஞ்சு படுத்துக் கிடக்கு, நிறமும் வெளிறிப் போச்சு. மகன் தொட்டியடியை விட்டு எழும்புறான் இல்லை. அமோனியா லீற்றருக்கு 0.25 மில்லிகிராம் காட்டுது. என்ன செய்ய?

சாம்பல்தீவான்:
அக்கா, ஒஸ்காருக்கு அது வழமை. இடம் மாறினால் கோவிச்சுப் படுக்கிற மீன் அது, ரெண்டு நாள் கூட அப்பிடிக் கிடக்கும். லைற்றை நிப்பாட்டி, முன்பக்கத்துக்கு ஒரு சீலையைத் தொங்கவிடுங்கோ. செவுளைப் பாருங்கோ: ஆறுதலாய் அசைஞ்சால் பயமில்லை. மேல வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால்தான் அவசரம், அப்ப உடனே எயாரைக் கூட்டித் தண்ணி மாத்துங்கோ.

பாலையூற்று மீன்காரன்:
0.25க்கு இண்டைக்கே கால்வாசித் தண்ணி மாத்துங்கோ, அந்தக் குழாய்த் தண்ணிப் பரலில இருந்து. மூண்டாம் நாள்தான் சாப்பாடு, அதுவும் வழமையில பாதி. ரெண்டு கிழமைக்கு நாளாந்தம் அமோனியாவும் நைத்திரைற்றும் பாருங்கோ. அமோனியா இறங்கினாப் பிறகு நைத்திரைற்று ஏறக்கூடும். ஏறினால் தண்ணி மாத்திறதோட லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்புக் கரைச்சு ஊத்துங்கோ, உங்கட தொட்டிக்கு அரைக் கிலோவுக்குள்ள. உப்பில இருக்கிற குளோரைட்டு நைத்திரைற்றைச் செவுளுக்குள்ள போகவிடாமல் தடுக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில குடிவந்திருக்கிறீங்கள், அதுக்குக் குறைவில்லை. ஒரேயடியாய்க் கொட்டாமல் ரெண்டு நாளாய்ப் பிரிச்சு ஊத்துங்கோ, டாங்க் கிளீனருக்கு உப்புக் கூடினால் ஆகாது.

உவர்மலைக்காரி:
தண்ணி மாத்தீற்றன். செவுள் ஆறுதலாய்த்தான் அசையுது. நாளைக் காலமை அளந்துபோட்டு எழுதிறன்.