டிலேயா, டினையா? பழைய கேஸும் 4473 படிவமும்

குழு: டாலஸ் வடக்கு தமிழ்க் குடும்பங்கள்

சரவணன்: எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்சவர் ஒருத்தர் துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனாரு. கிரீன் கார்டு. 4473ங்கிற படிவம் எழுதிக் குடுத்ததும் "டிலே"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. 2014ல கடைத்திருட்டுன்னு ஒரு கேஸ் இருந்து தள்ளுபடி ஆயிடுச்சாம். இனிமே அவருக்குக் கிடைக்கவே கிடைக்காதா?

பிரபு: டிலே வேற, டினை வேற சரவணன். டினைன்னா முடியாதுன்னு மறுக்கிறது. டிலேன்னா எஃப்.பி.ஐ.யோட நிக்ஸ்ல, அதான் துப்பாக்கி வாங்கறவங்க பின்னணியைப் பார்க்கிற சிஸ்டம்ல, ஏதோ ஒரு பதிவு கண்ணுல பட்டிருக்கு, அதைப் பார்க்க நேரம் வேணும்னு அர்த்தம். மூணு வேலை நாள். பின்னணிச் செக் ஓட்டுன நாள் கணக்குல வராது. வியாழக்கிழமை ஓட்டியிருந்தா வெள்ளி, திங்கள், செவ்வாய் போயி புதன்கிழமை கடைக்காரர் குடுக்கலாம்.

பிரபு: குடுக்க"லாம்". குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. "ப்ரொசீட்" (தடை இல்ல, குடுக்கலாம்) வந்தாத்தான் தருவோம்னு சொல்ற கடைங்க நிறைய. வயசு 21க்குக் கீழன்னா 2022 சட்டப்படி பத்து வேலை நாள் வரைக்கும் இழுக்கலாம்.

சரவணன்: தள்ளுபடி ஆன கேஸ் ஏன் கண்ணுல படணும்?

மீனா: அங்கதான் விஷயமே இருக்கு தம்பி. அரெஸ்ட் பண்ணும்போது கைரேகை எடுப்பாங்க, அது மேல போயிடும். கேஸ் எப்படி முடிஞ்சதுங்கிற தாள் கவுண்ட்டியில இருந்து மேல போகாம நின்னுடறது சகஜம். நிக்ஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு "2014, திருட்டு, அரெஸ்ட்" மட்டும்தான் தெரியும். முடிவுங்கிற கட்டம் காலியா இருக்கும். அவர் கிளார்க் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேக்கணும், அவங்க பதில் சொல்லணும். அதுக்குள்ள மூணு நாள் ஓடிடும்.

கவிதா: குத்தம் ஒத்துக்கிட்டு அபராதம் கட்டியிருந்தா?

மீனா: எந்தப் பிரிவுங்கிறதப் பொறுத்தது கவிதா. டெக்சஸ்ல திருட்டு 100 டாலருக்குக் கீழ கிளாஸ் சி மிஸ்டிமீனர் (சின்னக் குத்தம்), வெறும் அபராதம். 750க்குக் கீழ பி, 2,500க்குக் கீழ ஏ, அதுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம். 2,500ஐத் தொட்டா ஸ்டேட் ஜெயில் ஃபெலனி (பெரிய குத்தம்), ரெண்டு வருஷம் வரைக்கும். படிவத்துல 21ஆம் கேள்வியை நல்லாப் படிங்க. "எத்தனை நாள் உள்ள இருந்தீங்க"ன்னு அது கேக்கல. நீதிபதி ஒரு வருஷத்துக்கு மேல போட்டிருக்க *முடியுமா*ன்னு கேக்குது. ஒரு நாள்கூட உள்ள இருக்காம ப்ரொபேஷன்ல (வெளிய விட்டுக் கண்காணிக்கிறது) முடிஞ்ச ஃபெலனிக்கும் பதில் "ஆமா"தான், ஆமான்னா வாங்கத் தடை. "நான் ஜெயிலுக்கே போகலையே"ன்னு "இல்ல"ல டிக் பண்றவங்கதான் அதிகமா மாட்டறாங்க.

பிரபு: மாநிலம் மிஸ்டிமீனர்னு வச்சு, உச்ச தண்டனை ரெண்டு வருஷத்துக்குள்ள இருந்தா அந்தத் தடை கிடையாது. டெக்சஸ்ல மிஸ்டிமீனரே ஒரு வருஷத்தைத் தாண்டாது, அதனால இங்க குழப்பம் கம்மி. குடிச்சுட்டு ஓட்டுன கேஸும் அப்படித்தான். முதல் ரெண்டு தடவை பொதுவா மிஸ்டிமீனர், மூணாவது ஃபெலனி.

கவிதா: அப்போ மிஸ்டிமீனர்னா பயமில்ல?

மீனா: ஒண்ணே ஒண்ணு தவிர. வீட்டுச் சண்டை. 1996ல வந்த லாட்டன்பர்க் திருத்தம். புருஷன் பொண்டாட்டி, சேர்ந்து குடியிருந்தவங்க, குழந்தைக்கு அப்பா அம்மா, இந்த உறவுல கை வச்சதா மிஸ்டிமீனர்ல குற்றவாளின்னு தீர்ப்பு இருந்தாலே ஆயுசுக்கும் தடை. தீர்ப்புல "குடும்ப வன்முறை"ங்கிற வார்த்தையே வேண்டாம், "அசால்ட்"னு மட்டும் இருந்தாலும் போதும். எலும்பு முறியணும்னுகூட இல்ல, அத்துமீறித் தொட்டதே போதும்னு 2014ல காசில்மன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

மீனா: ராத்திரி சத்தம், 911, போலீஸ், கிளாஸ் சி டிக்கெட். மறுநாள் "தண்டம் கட்டிட்டு வந்துடலாம், வேலைக்கு லீவு போட முடியாது"ன்னு கில்ட்டி எழுதிக் குடுத்துடறாங்க. டிராஃபிக் டிக்கெட் மாதிரி நினைச்சுக் கட்டுற அந்தப் பணம்தான் பத்து வருஷம் கழிச்சுக் கவுண்ட்டர்ல "டினை"யா வந்து நிக்கும். வக்கீலைப் பார்க்காம அந்தக் கையெழுத்துப் போடவே கூடாது.

ராஜேஷ்: மேடம், டெக்சஸ் சட்டத்துல அஞ்சு வருஷம்னுதான் படிச்ச ஞாபகம்?

மீனா: அது மாநிலச் சட்டம், விடுதலை ஆனதிலேர்ந்து அஞ்சு வருஷம். ஃபெடரல் சட்டத்துக்கு அந்த அஞ்சு வருஷக் கணக்கு கிடையாது. 2022ல டேட்டிங் உறவையும் சேர்த்தாங்க. அதுல மட்டும், ஒரே ஒரு தீர்ப்புன்னா, தண்டனை முடிஞ்சு அஞ்சு வருஷம் வேற கேஸ் இல்லாம இருந்தா தடை விலகும். கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தச் சலுகை இல்ல 🙂

ராஜேஷ்: ப்ரொடெக்டிவ் ஆர்டர், கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் போடறது?

மீனா: நோட்டீஸ் குடுத்து, விசாரணை நடந்து போட்ட ஆர்டர்னா அது இருக்கிற வரைக்கும் வாங்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது. 2024 ஜூன்ல ரஹீமி வழக்குல 8-1ன்னு உறுதி பண்ணாங்க. நம்ம டெக்சஸ் கேஸ்தான் அது. அரெஸ்ட் ஆனவுடனே மாஜிஸ்திரேட் போடற எமர்ஜென்சி ஆர்டருக்கு டெக்சஸ் சட்டமே தனியாத் தடை வச்சிருக்கு.

சரவணன்: டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்னு ஒண்ணு சொல்றாங்களே அக்கா?

மீனா: தீர்ப்பைத் தள்ளி வச்சுக் கண்காணிப்புல விடறதுதான் அது. ஃபெலனி கேஸ்ல அது ஓடிட்டிருக்கும்போது புதுசா வாங்கக் கூடாது. ஒழுங்கா முடிச்சுத் தள்ளுபடி ஆயிட்டா டெக்சஸ்ல அது தீர்ப்பு இல்ல, பதில் "இல்ல". ஆனா பதிவு அப்படியே இருக்கும், டிலே வரும். நான்-டிஸ்க்ளோஷர் வாங்கிட்டோம், எல்லாம் அழிஞ்சுடுச்சுன்னு நினைக்காதீங்க. அது வேலை குடுக்கிறவங்க கண்ணுக்குத்தான் திரை, போலீசுக்குத் தெரியும். பதிவையே எடுக்கறது எக்ஸ்பங்ஷன்.

கவிதா: ஊர்ல புருஷன் வீட்டுக் கொடுமைன்னு போட்ட 498ஏ கேஸ்?

மீனா: எஃப்.ஐ.ஆர். தீர்ப்பே இல்லையே. இந்தியக் கோர்ட்ல தீர்ப்பே வந்திருந்தாலும் இந்த ஃபெலனி தடையில சேராது. 2005ல ஸ்மால் வழக்குல, "எந்தக் கோர்ட்டும்"னா அமெரிக்கக் கோர்ட்டுன்னு முடிவாச்சு. குடியுரிமைப் படிவம் கேக்கிற கேள்வி வேற, அதுல எல்லாத்தையும் சொல்லணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

பிரபு: எச்1பி, எச்4 விசாவுல இருக்கிறவங்களுக்குக் கேஸே இல்லேன்னாலும் தடை உண்டு. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும்தான்.

ராஜேஷ்: அப்போ சிம்பிள். தடை இருந்தா வொய்ஃப் பேர்ல வாங்கிடலாம் 😄

பிரபு: விளையாட்டுக்குக்கூட கடையில அதைச் சொல்லாதீங்க ராஜேஷ். படிவத்துல 21ஆம் கேள்வியோட முதல் பகுதியே "உண்மையா வாங்கறது நீங்கதானா"ன்னுதான். 2022லேர்ந்து இது தனிக் குத்தம், 15 வருஷம் வரைக்கும். டினை ஆனா உள்ளூர் போலீசுக்கு 24 மணி நேரத்துல தகவலும் போகும்.

பிரபு: நம்ம ஆளுங்களுக்குக் கேஸே இல்லாம டிலே வர்றதுக்கு ஒரு காரணம் உண்டு. பேரு. டிரைவிங் லைசென்ஸ்ல "எஃப்என்யூ" (முதல் பேரு தெரியாது), கிரீன் கார்டுல அப்பா பேரு கடைசிப் பேரா, இன்னொரு கார்டுல இனிஷியல். ஒரே மாதிரிப் பேரும் பொறந்த தேதியும் உள்ள வேற யாரோ மேல இடிச்சுடும். சட்டப்படி வெறும் இனிஷியல்தான்னா அதுக்குப் பக்கத்துல "ஐஓ"ன்னு போடணும். நடுப்பேரு இல்லேன்னா "என்எம்என்". சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயமில்ல, ஆனா குடுத்தா இந்த இடிபாடு குறையும். கிரீன் கார்டுன்னா ஏ-நம்பர் (கார்டுல இருக்கிற ஏலியன் நம்பர்) கட்டாயம், இமிக்ரேஷன் பக்கமும் ஒரு தேடல் போகும். லைசென்ஸ்ல பழைய வீட்டு முகவரி இருந்தா முதல்ல அதை மாத்திட்டுப் போங்க.

சரவணன்: இப்ப அவரு என்ன செய்யணும்?

மீனா: கேஸ் நடந்த கவுண்ட்டியில கிளார்க்கிட்ட டிஸ்பொசிஷனோட, அதாவது கேஸ் முடிஞ்ச விதத்தோட, சர்டிஃபைட் காப்பி வாங்கணும். கிளாஸ் ஏ, பி மிஸ்டிமீனர்னா கவுண்ட்டி கிளார்க், ஃபெலனின்னா டிஸ்ட்ரிக்ட் கிளார்க். காஸ் நம்பர் (கோர்ட் குடுத்த கேஸ் நம்பர்) இல்லேன்னாப் பேரும் பொறந்த தேதியும் வச்சுத் தேடுவாங்க. ஆன்லைன்ல எடுத்த பிரிண்ட் செல்லாது, முத்திரை வேணும்.

பிரபு: கடைக்காரர்கிட்ட என்டிஎன் நம்பரை (அந்த நிக்ஸ் செக்கோட நம்பர்) வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க. டினை ஆயிட்டா அந்த நம்பரோட எஃப்.பி.ஐ.கிட்டக் காரணம் கேக்கலாம், அஞ்சு வேலை நாள்ல சொல்லணும். அப்புறம் எதிர்த்து எழுதினா 60 நாள்ல முடிவு. ஆள் மாறாட்டம்னா கைரேகையும் வைக்கணும்.

பிரபு: ஒவ்வொரு தடவையும் டிலேன்னா விஏஎஃப் போடட்டும், வாலன்டரி அப்பீல் ஃபைல். ப்ரொசீட் ஆன செக்கோட விவரத்தை 24 மணி நேரத்துல அழிச்சுடணும்னு சட்டம். அதனாலதான் போன தடவை தெளிவானது இந்தத் தடவை நிக்ஸுக்கு ஞாபகம் இருக்காது. விஏஎஃப்ல சேத்துட்டா யூபின்னு ஒரு நம்பர் தருவாங்க, அடுத்த தடவை படிவத்துல அதை எழுதணும்.

சரவணன்: சனிக்கிழமை கிளார்க் ஆபீஸ் உண்டா அக்கா?

மீனா: இருக்காது. திங்கள் காலையில போகச் சொல்லு. அப்போ "திருட்டு" கேஸ்னாரே, கிளாஸ் பி-யா ஏ-யா, நிஜமாவே தள்ளுபடிதானான்னு அந்தத் தாள்லயே இருக்கும், பார்த்துக்கச் சொல்லு.