எழுத அறை வேண்டுமா, டீக்கடை பெஞ்ச் போதுமா?

கரிசல்காடு:
நாவல் எழுதுவதற்காகவே ஒரு அறையை வாடகைக்கு எடுக்கப் போவதாக நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். கதை அறையைத் தேடி வராது, அது இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். 5 வருடமாக நான் எழுதுவது எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில், காலை 5.30 மணிக்கு.

கடைக்கு எதிரே ஒரு பூக்கார அம்மா. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். புதிதாக வருகிறவர்களுக்கு விரலைக் கொஞ்சம் மடக்கித்தான் அளப்பார். தினமும் வாங்கும் ஒரு பெரியவருக்கு மட்டும் விரல் நுனியைத் தாண்டி இரண்டு கண்ணி விட்டு நறுக்குவார். ஒருநாள் பெரியவர் நின்று, "இனிமே வேணாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்காக அளந்து வைத்த சரத்தை அந்த அம்மா வேறு யாருக்கும் விற்கவில்லை. வாழையிலையில் சுற்றிக் கூடையின் ஓரத்தில் வைத்துவிட்டார். என் சிறுகதை ஒன்று அந்த இலைப் பொட்டலத்தில் தொடங்கியது. வீட்டுக்குள் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

நள்ளிரவு விளக்கு:
அண்ணா, பொட்டலம் மனதிலேயே நிற்கிறது. ஆனால் அது தொடக்கம்தானே? மீதியை எங்கே எழுதுவது?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் ஒரு வருடம் எழுதிப் பார்த்தேன். கிண்டியில் ஏறியவர் மகள் கல்யாணக் கடனைப் பற்றிப் பேசினால் அன்று என் கதையிலும் கடன் வந்துவிடும். 80 பக்கம் சேர்ந்தது. ஒருவருக்கும் சொந்தக் குரல் இல்லை, எல்லாம் அந்தந்த நாள் காதில் விழுந்த பேச்சு. அதை அப்படியே கட்டி வைத்துவிட்டேன்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவைப் பாருங்கள். 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்தவர், ஒரு முழுக் கதையையும் மறுநாள் காலை 6 மணிக்கு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கால்கள் விறைத்துப்போய் மேசைக்கு அடியிலிருந்து இழுப்பதே பெரும்பாடாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மாதிரி 8 மணி நேரத்தை எந்த டீக்கடை தரும்?

கரிசல்காடு:
தம்பி, அதே காஃப்காவின் அறை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா? கூடத்துக்கும் அப்பா அம்மா படுக்கையறைக்கும் நடுவில் இருந்தது அது. கதவு சாத்துகிற சத்தம், அப்பா நடக்கிற சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குறுஞ்சித்திரமே எழுதி அதே 1912இல் அச்சிலும் கொண்டுவந்தார். இரைச்சலும் அவருக்கு எழுத்தாகத்தான் ஆனது.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் அப்படித்தான். சாட்டன் கிராமத்து வீட்டில், ஆட்கள் வந்துபோகிற கூடத்தில், ஒரு சின்ன மேசையில்தான் எழுதினார்.

தாழ்வாரம்:
அண்ணா, ஆஸ்டினைச் சொன்னதால் எழுதுகிறேன். அந்த வீட்டில் சமையலையும் மற்ற பொறுப்புகளையும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய அக்கா கசாண்ட்ராவும் கூடவே தங்கியிருந்த மார்த்தா லாய்டும். ஜேனின் பொறுப்பு காலை உணவு. மேசை சின்னதுதான், ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு பெண்களின் உழைப்பு இருந்தது.

காலை 5.30க்கு நானும் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்கிறீர்களா? எங்கள் தெருவில் முடியாது. வீட்டில் அறை இருக்கிறது, கதவும் இருக்கிறது. சாத்தினால் இரண்டு நிமிடத்தில் தட்டுவார்கள்.

நான் எழுதுகிற இடம் மகளின் பாட்டு வகுப்பு வாசல். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். உள்ளே எட்டுப் பிள்ளைகள் சரளி வரிசை பாடுகிறார்கள். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நான். இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். ஆனால் அதில் ஒரு குரல்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு வருடத்தில் ஏழு கதைகள் அந்த வாசலில் எழுதியிருக்கிறேன்.

கரிசல்காடு:
உண்மைதான் அம்மா. பெஞ்ச் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துப் பேசிவிட்டேன். ஆனாலும் பாருங்கள், உங்களுக்கும் கதை கிடைத்தது வாசலில்தான், அறைக்குள் இல்லை.

நள்ளிரவு விளக்கு:
அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. காஃப்காவும் வீடு தூங்கிய பிறகுதானே எழுதினார்? அக்கா கேட்பதும் அதே தனிமைதான், சுவர் மட்டும் இல்லை. அக்கா, ஒன்று சொல்லுங்கள். திருத்துவதையும் அந்த வாசலிலேயே செய்ய முடிகிறதா?

தாழ்வாரம்:
இல்லை தம்பி, திருத்த அந்த இடம் ஆகாது. ஒரே மூச்சில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும், ஒரு மணி நேரம் பத்தாது. அதற்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது. நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்காரத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருந்தால் நீங்களும் போய்ப் பாருங்கள்.

எனக்கு அன்றைக்கு மகளை அவளுடைய அத்தை வீட்டில் விட வேண்டும். போன ஞாயிறு அத்தை ஊரில் இல்லை. எட்டாவது கதையின் 12 பக்கம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.