மறுமொழி: மாநில நெடுஞ்சாலையை ஊருக்கு விடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக எல்லோருடைய மடல்களையும் படித்துவிட்டேன். கேள்வியைக் கிளப்பியவன் நான்தான். எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதல் மடலிலேயே விளக்கியிருக்க வேண்டும். ஒற்றை வரியில் கேட்டுவிட்டதால் பேச்சு முழுக்க அகராதிப் பக்கம் போய்விட்டது.

கலிபோர்னியாவில் நான் இருக்கும் ஊரில் நகர மன்றக் கூட்டம் நடக்கும்போது, தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவேன். போன ஆண்டு ஒரு கூட்டத்தில், ஊர் நடுவே போகும் மாநில நெடுஞ்சாலையின் ஒரு துண்டை நகரமே எடுத்துக்கொள்ளலாமா என்று பேசினார்கள். வாய்க்கு வாய் ‘ரிலிங்க்விஷ்மென்ட்’ என்றார்கள். எங்கோ படித்த நினைவில், “மாநிலம் இந்த ரோட்டைக் கைவிடப் போகுதுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவரின் மகன் அதே சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப ரோட்டை மூடிருவாங்களா தம்பி? பையன் இப்பத்தானே கடையைப் பெருசு பண்ணினான்?” என்றார். அப்படி இல்லை என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குள் மேடையில் அடுத்த பொருள் தொடங்கிவிட்டது. அவர் கேட்க நினைத்த கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

ஆகவே எனக்கு வேண்டியது அகராதிக்கு அழகான சொல் அல்ல. கேட்டவுடன் ‘சாலை இருக்கும், உடையவர் மாறுவார், சுமையும் சேர்ந்து மாறும்’ என்று புரியவைக்கும் சொல்.

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சாலைகள், நெடுஞ்சாலைகள் சட்டத்தொகுப்பில் 73ஆம் பிரிவு இதற்கானது. சட்டமன்றம் ஒரு சாலைத் துண்டை மாநில நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அல்லது புதுத்தடம் போட்டதால் பழைய தடம் தேவையற்றுப் போகலாம். இப்போது அதிகம் நடப்பது மூன்றாவது வகை: சட்டமன்றம் அனுமதி தந்து, மாநிலப் போக்குவரத்துத் துறையும் (கால்ட்ரான்ஸ் என்பார்கள்) நகரமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். மாநில நலனுக்கு உகந்தது என்று கலிபோர்னியா போக்குவரத்து ஆணையம் கருதினால் தீர்மானம் நிறைவேற்றும். அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் மாநிலத்துக்கு அந்தத் துண்டில் இருந்த உரிமை, பாத்தியதை எல்லாம் நகரத்தைச் சேர்ந்துவிடும். அது நகரத் தெருவாகிவிடும்.

சட்டமே கட்டாயப்படுத்தும் நேர்வுகள் தவிர மற்றவற்றில், விடுவதற்கு 90 நாள் முன்பே நகரத்துக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். “சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, எங்கள் தலையில் கட்டாதீர்கள்” என்று நகரம் எழுத்தில் எதிர்ப்புச் சொல்லலாம். ஆணையம் அதை ஏற்காவிட்டால், 10 நாள் முன்னறிவிப்போடு பொது விசாரணை வைத்துக் கேட்டபிறகே மேலே போக முடியும். புதுத்தடம் வந்ததால் விடும் பழைய சாலையென்றால் குப்பை அள்ளி, களை எடுத்து, மரக்கிளை வெட்டி, நல்ல நிலையில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. களை எடுப்பது வரை ஒரு சட்டம் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஊருக்குத் தர வேண்டியதை ஒழுங்காகத் தர வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> கைவிடல் / துறத்தல் என்றே வைக்கலாம். ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் அதுதான்.

வேர்ப்பொருள் சரி. ஆனால் இதே 73ஆம் பிரிவில், நகரம் எதிர்ப்புச் சொல்லும்போது ‘இந்தச் சாலை பொதுப் பயன்பாட்டுக்கே தேவையில்லை, வழியுரிமையையே நீக்கிவிடுங்கள்’ என்றும் கேட்கலாம் என்று வருகிறது. அது வேறு செயல். அங்கே சாலை சாலையாகவே இருக்காது. ‘கைவிடல்’ என்ற சொல்லை அதுபோன்ற இடத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அந்தப் பெரியவரின் பயம் எல்லோருக்கும் வரும். ‘துறத்தல்’ துறவியின் சொல். துறந்தவர் யாரிடம் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே யாரிடம் என்பதுதான் முதல் கேள்வி.

> வகைமாற்றம் போதுமே. 2017இல் நம்மூரில் இதுதானே நடந்தது?

மதுரை ஐயா எழுதிய இந்த வரி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. உடனே ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றும் முயற்சி தொடங்கியது. சண்டிகரிலும் அப்படியே செய்தார்கள். 2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. ஐயா சொல்வது போல் அதற்கு ‘வகைமாற்றம்’ மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே வேண்டியிருந்தது பெயர்ப்பலகை மாறுவது மட்டும்தான். சாலையைப் பேணும் பணமும் ஆளும் உள்ளாட்சிக்கு வருமா என்பது அந்தப் பேச்சில் பின்னாலேயே நின்றது. நான் சொல்லும் செயலில் பேணும் பொறுப்புதான் முன்னால் நிற்கிறது. சாலைக்கடியில் போகும் மழைநீர்க் குழாய், சிக்னல் கம்பம், நடைபாதை, ஒரு விபத்து நடந்தால் வரும் வழக்கு எல்லாம் நகரத்தின் கணக்கில் வந்து சேரும். ஆகவே வகைமாற்றம் தனிப்பதிவாக இருக்கட்டும்.

‘தரமிறக்கம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சாலையின் தரம் இறங்கவில்லை. பல இடங்களில் ஏறியிருக்கிறது. மேற்கு ஹாலிவுட்டைப் பாருங்கள். 1984இல்தான் அது தனி நகரமானது. அதன் நடுவே போகும் சான்டா மோனிகா புலவார்ட், அப்போது மாநிலத்தின் 2ஆம் எண் சாலையாக இருந்தது. 1990களின் இறுதியில் நகரம் அதைத் தன் கைக்கு வாங்கியது. பிறகு மரம் வைத்து, நடைபாதையை அகலமாக்கி, ஊரின் கடைத்தெருவாகவே ஆக்கிக்கொண்டது. வண்டி வேகமாகக் கடந்து போவதைக் கணக்கில் வைத்துப் போட்ட சாலையில், நடக்கிறவர்களையும் கணக்கில் எடுத்தார்கள். இதைத் தரமிறக்கம் என்று எழுத என் கை வராது.

‘கைமாற்று’ என்ற முன்மொழிவைப் பார்த்ததும் பாட்டி நினைவு வந்தது. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் நூறு ரூபாய் கைமாற்று வாங்குவோம். ஒன்றாம் தேதி திருப்பித் தருவோம். திருப்பித் தர வேண்டியதுதான் கைமாற்று. இது அப்படியல்ல.

> கையளிப்பு. இங்கே அன்றாடம் புழங்கும் சொல்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது எனக்கு மிகவும் பிடித்த சொல். இலங்கையில் ஏ, பி வகைச் சாலைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி வகைச் சாலைகள் மாகாணங்களிடமும் இருக்கின்றன. யார் சாலை என்ற கேள்வி அங்கே நன்றாகத் தெரிந்த கேள்வி. ஆனால் கையளிப்பில் கொடுப்பது மட்டும் தெரிகிறது. சாவியையும் கையளிக்கலாம், மனுவையும் கையளிக்கலாம். கொடுத்தவர் தன் உரிமையை விட்டாரா என்பது அதில் இல்லை. ‘ஒப்படைப்பு’ என்ற சொல்லிலும் இதே குறை. வேலை முடித்த ஒப்பந்ததாரரும் சாலையை ஒப்படைக்கிறார், மாற்றலாகிப் போகும் பொறியாளரும் பொறுப்பை ஒப்படைக்கிறார். போதாததற்கு வருவாய்த் துறையில் ‘நில ஒப்படை’ என்பது நிலமற்றவருக்கு அரசு நிலம் தருவதற்கென்றே நிலைத்துவிட்ட சொல்.

இந்த இடத்தில்தான் நம் பத்திரப் பதிவு அலுவலகம் எனக்கு வழிகாட்டியது. அண்ணன் தம்பிக்குப் பொதுவான சொத்தில் ஒருவர் தன் பாகத்தை மற்றவருக்கு விட்டால் எழுதுவது விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுப்பவர் தன் பாத்தியதையை விடுகிறார். விட்டது காற்றில் போவதில்லை. ஏற்கெனவே அந்தச் சொத்தில் தொடர்புள்ள இன்னொருவரிடம் போய்ச் சேருகிறது. பதிவு செய்தால்தான் செல்லும். கலிபோர்னியாவில் நடப்பதற்கு இதைவிட நெருக்கமான நிகழ்வு நம் வாழ்க்கையில் இல்லை. அந்தத் தெரு என்றுமே ஊரின் தெருதான். ஊர்க்காரர்கள் அதில்தான் கடை வைத்தார்கள், அதைத்தான் கடந்து பள்ளிக்குப் போனார்கள். மாநிலம் அதில் பங்காளியாக இருந்தது, இப்போது தன் பங்கை விட்டுக் கொடுக்கிறது.

‘சாலை விடுதலை’ என்று சொன்னால் வேறு எங்கோ போய்விடும். ஆகவே பத்திரத்தின் ‘விடு’வையும் அக்காவின் ‘அளிப்பு’வையும் சேர்த்து விட்டளிப்பு என்று முன்வைக்கிறேன். விட்டு, அளிப்பது. பங்களிப்பு, ஒப்பளிப்பு, கையளிப்பு என்ற வரிசையில் காதுக்கும் புதிதாக இராது. வினையாகவும் வளைகிறது: ‘மாநிலம் அச்சாலையை நகரத்துக்கு விட்டளித்தது’, ‘விட்டளித்த பகுதி’, ‘விட்டளிப்புத் தீர்மானம்’, ‘விட்டளிக்கும் எண்ணத்தை 90 நாள் முன்பே அறிவிக்க வேண்டும்’. சொல்லிப் பாருங்கள். நான் என் மனைவியிடமும் அந்தப் பெரியவரிடமும் சொல்லிப் பார்த்தேன். “ஓ, எழுதிக் குடுத்துடறாங்க” என்றார் பெரியவர். எனக்கு நிறைவாக இருந்தது.

கடினமான இரண்டு நேர்வுகளில் இதை உரசிப் பார்த்தேன்.

ஒன்று, கலிபோர்னியாவின் பாசடீனா நகரம். 710ஆம் எண் விரைவுச்சாலையை நீட்டுவதற்காக வீடுகளை இடித்து, பள்ளம் வெட்டி, முடிக்காமல் பல பத்தாண்டுகள் விட்டுவிட்டார்கள். சாலை நீட்டிப்பு கைவிடப்பட்டது. ஏறத்தாழ 50 ஏக்கர் நிலம் 2022இல் நகரத்துக்கு விட்டளிக்கப்பட்டது. ஒரே கதையில் இரண்டு சொல்லும் தத்தம் பொருளில் வந்து உட்காருவதைக் கவனியுங்கள். திட்டம் கைவிடப்பட்டது, நிலம் விட்டளிக்கப்பட்டது. ‘சாலை ஒப்படைப்பு’ என்றிருந்தால் இங்கே தடுமாறியிருப்போம். அங்கே கொடுக்கப்பட்டது முழுமை பெற்ற சாலை அல்ல, வீடிழந்தவர்களின் நினைவு தங்கிய ஒரு பள்ளம்.

இன்னொன்று டெக்சாஸ். அங்கே இதற்கு ‘டர்ன்பேக்’ என்று பெயர், திருப்பித் தருதல். சான் அன்டோனியோ நகரம் தன் பிராட்வே சாலையில் 6 தடத்தை 4 ஆக்கி, நடைபாதையும் மிதிவண்டித் தடமும் போட நினைத்தது. 2017இல் வாக்காளர்கள் 4.2 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதலும் தந்தார்கள். 2022 ஜனவரியில், வேலை தொடங்கவிருந்த நேரத்தில், மாநிலப் போக்குவரத்து ஆணையம் அந்தச் சாலை தன்னுடையதே என்று எடுத்துக்கொண்டது. சாலையை நகரத்துக்கு விடத் தீர்மானம் முன்பே போட்டிருந்தாலும், மாற்றம் முறைப்படி முடியவில்லை என்பது மாநிலத்தின் வாதம். வாக்களித்த மக்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் சொற்பட்டியலுக்கு இதிலிருந்து ஒரு தேவை பிறக்கிறது: தீர்மானம் போட்ட நாளும் உரிமை சேர்ந்த நாளும் ஒன்றல்ல. எனவே ‘விட்டளிப்புத் தீர்மானம்’, ‘விட்டளிப்பு நிறைவு’ என்று இரண்டாகவே வைப்போம். பாதியில் நின்றால் ‘நிறைவுறா விட்டளிப்பு’.

துணைச் சொற்கள் சிலவும் தேவைப்படும். சாலை நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் சாலைப் பணியாளர்கள் சொல்லும் ‘செப்பனிடுதல்’ இருக்கிறது, அதிலிருந்து ‘செப்பநிலை’. கலிபோர்னியாவில் ஒரு பகுதியை விட்டளித்தபின், மாநிலச் சாலை எந்தப் பக்கம் தொடர்கிறது என்று காட்டும் பலகையை நகரம் வைத்துப் பேண வேண்டும் என்று சட்டத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்குத் ‘தொடர்வழிப் பலகை’. பிரிட்டனில் மையச் சாலை என்ற தகுதியை நீக்கி உள்ளூர் அமைப்பிடம் விடுவதற்கு ‘டீட்ரங்கிங்’ என்கிறார்கள். அது தகுதியை முன்னிறுத்தும் சொல் என்பதால் ‘மையத்தகுதி நீக்கம்’ என்று தனியே எழுதலாம்.

> அதிகாரப் பரவலாக்கம் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

தோழியே, அது கொள்கையின் பெயர். ஒரு சாலையின் இத்தனையாவது கல்லிலிருந்து இத்தனையாவது கல் வரை என்று பதிவேட்டில் எழுத அது உதவாது. பணம் வராமல் பொறுப்பு மட்டும் வந்தால் அதைப் பரவலாக்கம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. சிறு நகரங்கள் கையெழுத்துப் போடுமுன் அடுத்த 20 ஆண்டுக்கு யார் தார் போடுவது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தமிழிலும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாக ‘செப்பநிலை’ பற்றிச் சாலைப் பணி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். களத்தில் வேறு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன். அடுத்த மாதம் எங்கள் நகர மன்றத்தில் அதே சாலை மீண்டும் வருகிறது. பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார், இந்த முறை கேள்வியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு.

அன்புடன்,
கேள்வி கேட்டவன்