திருவிருந்துக்கு வரத் தயங்கும் அக்கா: வழி சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். பாளையங்கோட்டை அருகே எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்கா, தம்பி சொத்தில் ஏமாற்றியதிலிருந்து எட்டு மாதமாகத் திருவிருந்து (சபையில் இயேசுவின் நினைவாகப் பெறும் அப்பமும் திராட்சரசமும்) எடுப்பதில்லை. கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்ததும் உதடு நின்றுவிடுகிறது. மன்னித்தேன் என்கிறார், கோபம் திரும்பும்போது "என் மன்னிப்பே பொய்" என்று தன்னையே குற்றப்படுத்துகிறார்.

மத்தேயு 18இல், பெருங்கடன் மன்னிக்கப்பட்டவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனை மன்னிக்காத உவமையை வாசித்தோம். நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் கூலி, உங்கள் நஷ்டம் சின்னதல்ல என்றோம். அதில்தான் கொஞ்சம் ஆறுதல். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9ஐ மூன்று வாரம் தியானித்தோம். ஆயர் இருமுறை பேசியும் தம்பி ஒப்புரவாக வரவில்லை. உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டானால் முதலில் அவனோடே ஒப்புரவாகி, பிறகு வந்து காணிக்கை செலுத்து என்னும் மத்தேயு 5:23-24ஐ யாரோ காட்டியதும் அக்காவுக்குப் பயம் கூடிவிட்டது. அங்கே குறை இருப்பது சகோதரனுக்கு என்பதைக் காட்டியவர் கவனிக்கவில்லை.

தம்பி ஒப்புரவாகாத நிலையிலும் இவர் திருவிருந்தில் பங்குபெறலாம் என்று எந்த வேதபகுதியை வைத்துப் புரியவைப்பது?